நாணயம் சேர்க்க எதில் தொடங்கலாம்? நெல்லைச் சீமைக்காரருக்கு ஓர் ஒப்பீடு

நாணயம் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்தக் காசுக்கு விலை அதிகம்?” என்பதுதான். அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் காசு என் ஊர்ப்பக்கம் கிடைக்குமா? கிடைத்தது அசல்தானா என்று நானே சோதிக்க முடியுமா? ஏமாந்துபோனால் எவ்வளவு நஷ்டம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எதில் தொடங்குவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. கையில் புழங்கும் இந்தியக் காசுகள், அரசு வெளியிடும் நினைவு நாணயங்கள், ராணித் தலை ராஜா தலை போட்ட பிரிட்டிஷ் காசுகள், மலைக்கு அந்தப்பக்கத்துத் திருவிதாங்கூர் காசுகள், பாண்டியர் சோழர் காலத்துச் செப்புக் காசுகள். பெரும்பாலானோர் கடைசியில் இருப்பதில்தான் ஆசைப்பட்டுத் தொடங்குகிறார்கள். பணம் அதிகம் வீணாவதும் அதில்தான்.

கையில் புழங்கும் காசு

செலவே இல்லாத வழி இது. ஒரு ரூபாய்க் காசை நூறு பேரிடம் கேட்டு வாங்கினாலும் அது ஒரு ரூபாய்தான்; வேண்டாம் என்றால் திரும்பச் செலவழித்துவிடலாம். ஆனாலும் இதில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

காசில் ஆண்டு அச்சிட்டிருக்கும் இடத்துக்குக் கீழே பாருங்கள். சிறிய வைரக்கட்டி வடிவம் இருந்தால் அது மும்பை நாணயச்சாலை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். உருண்டையான புள்ளி நொய்டா. அந்த நாணயச்சாலை 1988இல்தான் தொடங்கியது. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. பழைய ஹைதராபாத் காசுகளில் பிளந்த வைரமும், நடுவில் புள்ளி வைத்த வைரமும் உண்டு. அவற்றை மும்பை என்று எழுதிவைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சிறிய லென்ஸ் ஒன்று இருந்தால் இந்தக் குழப்பம் வராது. 1985இல் சில காசுகள் வெளிநாட்டில் அச்சடிக்கப்பட்டு வந்தன. அந்த ஆண்டு ஒரு ரூபாயில் எச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாமின் ஹீட்டன் நாணயச்சாலையில் அடித்தது.

இதில் எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். “எல்லாக் காசும்” என்று தொடங்கினால் ஆறு மாதத்தில் டப்பா நிறையும், தொகுப்பு உருவாகாது. 1992இல் தொடங்கிய 25 மி.மீ. எவர்சில்வர் ஒரு ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது 4.85 கிராம் எடை. 2004 வரை ஆண்டுகளை ஒரு பக்கமும் நான்கு நாணயச்சாலைகளை இன்னொரு பக்கமும் போட்டு நோட்டில் கட்டம் வரையுங்கள். எல்லா ஆண்டும் எல்லாச் சாலையும் அடிக்கவில்லை என்பதால் சில கட்டங்கள் காலியாகவே இருக்கும்; அதுவும் ஒரு தகவல்தான். அடுத்த வரிசையாக 2007இல் வந்த நாட்டிய முத்திரைக் காசுகளை எடுக்கலாம். ஒரு ரூபாயில் கட்டைவிரலும் இரண்டு ரூபாயில் இரு விரல்களும் இருக்கும். 2011இல் வந்த புதிய இரண்டு ரூபாய் பழைய எவர்சில்வர் ஒரு ரூபாயின் அதே விட்டம், அதே எடை. அவற்றைப் பிரித்தறியப் பழகுவதே நல்ல கண்பயிற்சி.

கிடைக்குமிடம் பற்றிக் கவலை வேண்டாம். டீக்கடை, பலசரக்குக் கடை, கோயில் வாசல் பூக்கடை எதுவும் போதும். கூட்டம் இல்லாத நேரத்தில் கடைக்கார அண்ணாச்சியிடம் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துச் சில்லறை கேட்டால் மறுக்க மாட்டார். பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்த ஊர்களும் உண்டு. ஆனால் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் தெளிவாக அறிவித்தது. அந்த 14ஐயும் சேர்ப்பதே ஒரு சிறுவனுக்கு நல்ல தொடக்கம். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30இல் செல்லாதவையாகிவிட்டன. அவை பழைய வீடுகளின் உண்டியல்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும்தான் கிடைக்கும்.

குறை ஒன்றுண்டு. இந்தக் காசுகள் விலை ஏறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தேய்ந்த காசு கோடிக்கணக்கில் இருக்கிறது. அதனால் ஒரே ஆண்டு, ஒரே சாலைக் காசில் இரண்டு கிடைத்தால் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைச் செலவழித்துவிடுங்கள்.

நினைவு நாணயம்

இதில் இரண்டு வகை இருக்கின்றன. அவற்றைக் கலக்கக் கூடாது. புழக்கத்துக்கு விட்டவை ஒரு வகை. 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த வள்ளுவர் காசு, 2003 காமராசர் நூற்றாண்டு ஐந்து ரூபாய், 2009 அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய், 2010 தஞ்சைப் பெரியகோயில் ஐந்து ரூபாய் போன்றவை அவை. இவற்றைத் தேடிச் சேர்ப்பது மேலே சொன்ன வழியின் தொடர்ச்சிதான். மிகவும் பரிந்துரைக்கத்தக்கது.

மற்றது, நாணயச்சாலைகள் பெட்டியில் வைத்து விற்பவை. 44 மி.மீ. விட்டமும் 35 கிராம் எடையும் கொண்ட பெரிய காசுகளில் பாதிதான் வெள்ளி. முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம். திரும்ப விற்கும்போது அந்த விலை கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அழகுக்காக வாங்குங்கள், முதலீட்டுக்காக வேண்டாம். நேராக அரசு நாணயச்சாலையின் விற்பனைத் தளத்திலேயே முன்பதிவு செய்யுங்கள். பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்துக் கையால் தொட்டால் கண்ணாடி போன்ற பரப்பில் விரல்ரேகை பதிந்துவிடும், அழியாது.

வைஷ்ணவதேவி ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருவதாக வரும் விளம்பரங்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அந்தக் காசு 2012இல் ஏராளமாக அடிக்கப்பட்டது. “பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள்” என்று கேட்பதுதான் அவர்களின் தொழில். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படிக் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

ராணித் தலை, ராஜா தலை

ஆச்சி வைத்திருந்த ட்ரங்குப் பெட்டியிலோ சுருக்குப் பையிலோ அதிகம் கிடைப்பவை இவைதான். 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வந்தது. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டார்கள். இது மலிவு; புதியவருக்கு நல்லது. சென்னை மாகாணத்துக்கென்று 1808இல் பர்மிங்ஹாமின் சோஹோ நாணயச்சாலையில் அடித்த 10 காசு, 20 காசு செப்புக் காசுகளும் எளிதாகக் கிடைக்கும். அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்டனர் கப்பல் 1809இல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பிற்காலத்தில் மீட்ட காசுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்ததால்தான் இந்த வயதுக்கு இவ்வளவு குறைந்த விலை.

பணம் புரளும் இடம் வெள்ளி ரூபாய். 1835 முதல் 1939 வரையான ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது 10.69 கிராம் தூய வெள்ளி. விற்கும் நாளில் ஒரு கிராம் வெள்ளிக்கு உள்ள விலையை அதனால் பெருக்கினால் அந்தக் காசின் அடிமட்ட மதிப்பு கிடைக்கும். 1940 முதல் 1945 வரை பாதி வெள்ளிதான், 5.83 கிராம். 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். இந்த மூன்றையும் அறியாமல் நகைக்கடையில் “ராஜா காசு” என்று ஒரே விலைக்கு விற்றுவிட்டு வருத்தப்படுகிறவர்கள் நிறைய.

போலிகளும் இதில்தான் அதிகம். வீட்டிலேயே சோதிக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு வேண்டும். முதலில் காசைத் தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் அரை டம்ளர் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். நல்ல பழைய ரூபாயென்றால் 1.13 அளவில் காட்டும், அடர்த்தி 10.3. வெண்செம்பில் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) செய்து வெள்ளி பூசிய போலி 1.31 காட்டும், அடர்த்தி 8.9தான். பாதி வெள்ளிக் காசுகளுக்கு அடர்த்தி சுமார் 9.5 வரும். காசில் நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடி அசல்கூடப் போலியாகத் தெரியும். நூலை லேசாக ஆட்டி உதறிவிட்டுப் படியுங்கள்.

அடர்த்தி சரியாக இருப்பதால் மட்டும் அரிய காசு ஆகிவிடாது. வெள்ளியிலேயே போலி செய்கிறார்கள், மலிவான ஆண்டின் எண்ணைச் சுரண்டி அரிய ஆண்டாக மாற்றுகிறார்கள். 1939 ரூபாய் மிக அரிது என்பதால் அதன் 9ஐ மட்டும் லென்ஸ் வைத்து நிதானமாகப் பாருங்கள். 1911 ரூபாய்க்கும் தேவை அதிகம். அதில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் யானையின் துதிக்கை குட்டையாக அமைந்து பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டே யானையைத் திருத்தி அடித்தார்கள்.

ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் போட்டு 1616, 1818 என்று ஆண்டு பொறித்த “கம்பெனிக் காசு” எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி வெளியிட்டதே இல்லை. அவை பின்னால் செய்த கோயில் வில்லைகள். அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றுவது இந்த வில்லைகளை வைத்துத்தான்.

திருவிதாங்கூர் காசு

நெல்லைச் சீமைக்காரருக்கு இதுதான் சரியான நீண்டகால வழி என்பது எங்கள் கருத்து. செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பகுதியும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருக்கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி) ஆட்சியில் இருந்தவை. ஆரியங்காவு வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வியாபாரம் ஓயாமல் நடந்தது. அதனால் தென்காசி, பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தக் காசுகள் இன்னும் இருக்கின்றன. வட இந்தியச் சேகரிப்பாளர் காசு கொடுத்துத் தேடுவது இங்கே பக்கத்து வீட்டுப் பரணில் இருக்கக்கூடும்.

கணக்கு எளிது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. அந்த அரைச் சக்கர வித்தியாசம் எல்லைக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட வராத உருண்டைக் காசு, மிளகளவுதான் இருக்கும். எண்ணும்போது உருண்டோடிவிடும் என்பதால் குழி வெட்டிய மரப்பலகையில் கொட்டி, குழிகள் நிரம்பியதும் மிச்சத்தை வழித்துவிட்டு எண்ணினார்கள். அந்தச் சக்கரப் பலகை கிடைத்தால் காசைவிட அதைப் பத்திரப்படுத்துங்கள்.

செப்பில் ஒரு காசு, நான்கு காசு, எட்டுக் காசு, ஒரு சக்கரம் உண்டு. சங்கு இந்த நாட்டின் முத்திரை. ஆர்.வி. என்று பின்னிய எழுத்து இருந்தால் மூலம் திருநாள் மகாராஜா காலம், 1885 முதல் 1924 வரை. பி.ஆர்.வி. என்றிருந்தால் சித்திரைத் திருநாள் மகாராஜா காலம். ஆண்டு கொல்லம் கணக்கில் இருக்கும். 1112 என்று பார்த்துவிட்டு “சோழர் காலத்துக் காசு” என்று சிலர் துள்ளுவதுண்டு. 825ஐக் கூட்டுங்கள்: 1936–37. கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறப்பதால் ஒரே கொல்லம் ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் விழும். நெல்லைப் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் இதே ஆண்டுக்கணக்குதான் என்பதால் குடும்பக் காகிதங்களோடு காசை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இங்கே உண்டு.

வகைகள் குறைவு. செப்பும் வெள்ளியுமாகச் சில பத்துக் காசுகளில் அடிப்படைத் தொகுப்பு முழுமையாகிவிடும். செப்புக் காசுகளுக்கு விலை தாழ்வு என்பதால் போலி செய்வாருக்கு லாபமில்லை. இதனால்தான் பிரிட்டிஷ் ரூபாயைவிட இது பாதுகாப்பானது. விதிவிலக்கு பொன்பணங்கள். அனந்தராயன் பணம், வீரராயன் பணம் என்று விற்கும் சின்னஞ்சிறு பொன்காசுகளில் முலாம் பூசியவை நிறைய. அவ்வளவு சிறிய எடையில் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை நம்பகமாக வராது. ஆகவே அனுபவம் வரும்வரை பொன்னைத் தொட வேண்டாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, கொழும்புக்குப் போய்வந்த குடும்பங்களில் கிடைக்கும் இலங்கைக் காசுகள். மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம், விளிம்பு நெளிந்த இரண்டு சதம், தமிழ் எழுத்து. விலை மலிவு, பார்க்க அழகு. பக்கத் தொகுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

பாண்டியர், சோழர் செப்புக் காசு

ஆசை இங்கேதான் அதிகம், நியாயமான ஆசையும்கூட. மீன் பொறித்த சங்ககாலச் சதுரக் காசு, பெருவழுதி என்று தமிழ் பிராமியில் எழுதிய காசு, பிற்காலப் பாண்டியரின் சுந்தர பாண்டியன், எல்லாந்தலையானான், புவனேகவீரன் என்ற எழுத்துடைய காசுகள் எல்லாம் இந்த மண்ணின் எழுத்துச் சான்றுகள். பெருவழுதிக் காசை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர் இதழாளரும் நாணயவியலாளருமான இரா. கிருஷ்ணமூர்த்தி.

ஆனால் முதல் காசாக இதை வாங்கக் கூடாது. எளிதில் கிடைப்பதையே பாருங்கள்: ஒருபுறம் நிற்கும் மனிதன், மறுபுறம் உட்கார்ந்த மனிதன், கைப்பக்கம் நாகரியில் ஸ்ரீ ராஜராஜ. இது தெற்கெங்கும் கிடைக்கும் வகை, சுமார் 3 முதல் 4 கிராம். இதே அமைப்பை இலங்கையின் பொலன்னறுவை அரசர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு தங்கள் பெயரைப் பொறித்தார்கள். எழுத்து தேய்ந்துபோனால் ராஜராஜனா பராக்கிரமபாகுவா என்று சொல்வது கடினம். விற்பவர் ராஜராஜன் என்றுதான் சொல்வார். நாகரி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் இங்கே இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான்.

“தாமிரபரணி மணலில் கிடைத்தது” என்ற வாக்கியத்துக்குத் தனி விலை கொடுக்காதீர்கள். வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு இருக்கும், பரப்பில் ஊசித்துளைகள் தெரியும், எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். பச்சைக் களிம்பு அசலா என்று பார்க்க, பஞ்சில் சுத்தமான அசிட்டோனைத் தொட்டு ஓரத்தில் ஒற்றுங்கள். பஞ்சில் பச்சை ஏறினால் அது பூச்சு. நகப்பூச்சு நீக்கியில் எண்ணெய் கலந்திருப்பதால் அது உதவாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மண்ணுக்கடியில் கிடைத்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 100 ஆண்டுக்கு மேற்பட்டவை 1972 சட்டப்படி தொல்பொருள். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம், வெளிநாட்டில் இருக்கும் மருமகனுக்குப் பரிசாக அனுப்புவதும்கூட. ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை போன்ற இடங்களில் மேற்பரப்பில் காசு கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வரலாற்று மதிப்பு. சட்டைப்பையில் போட்டவுடன் அது போய்விடும். முதலில் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கும் போய் அசலை நிதானமாகப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்.

யாருக்கு எது

பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புழக்கக் காசு, அதுவும் நாணயச்சாலைக் கட்டத்தோடு. மாதம் ஐந்நூறு ரூபாய் ஒதுக்கக்கூடியவர் ஓராண்டு புழக்கக் காசில் கண்ணைப் பழக்கிவிட்டுத் திருவிதாங்கூர் செப்புக்கு வரலாம். வீட்டில் ஏற்கெனவே வெள்ளி ரூபாய்கள் இருப்பவர் அவற்றைத் தராசில் சோதித்து, ஆண்டுவாரியாகப் பிரித்துவிட்டு, விடுபட்டதை மட்டும் வாங்கட்டும். பாண்டியர் காசு வேண்டும் என்பவர் முதல் ஆறு மாதம் வாங்காமல் எழுத்துப் படிக்கட்டும். சேமிப்புப் பணத்தைப் பெருக்க வழி தேடுகிறவருக்கு இந்த ஐந்தில் எதையும் சொல்ல மாட்டோம்.

எந்த வழியானாலும் பராமரிப்பு ஒன்றுதான், அதில் நம் பக்கத்து வழக்கம் ஒன்று பெரிய எதிரி. செம்புப் பாத்திரம் துலக்குவதுபோலக் காசைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. எலுமிச்சை, சாம்பல், பித்தளைப் பாலீஷ் எதுவும் வேண்டாம். அமிலம் மேற்பரப்பை அரித்துவிடும். பளபளப்பான அந்தக் காசைத் தெரிந்தவர் பாதி விலைக்கும் வாங்க மாட்டார். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறை நம் வெயிலில் இளகி, காசின் மேல் பச்சைப் பிசினாகப் படியும். அதற்குப் பதில் பாலியெஸ்டர் உறையோ, நடுவில் சன்னல் வைத்த அட்டையோ வாங்குங்கள். அட்டைக்குப் போடும் ஸ்டேபிளர் ஊசியின் முனையைக் கட்டிங் பிளேயரால் தட்டையாக்காவிட்டால் அடுத்த காசைக் கீறிவிடும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

திருச்செந்தூர், உவரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று செம்பைத் தின்னும். காசில் வெளிர்பச்சைத் தூள் புள்ளி புள்ளியாக எழுந்தால் அந்தக் காசை உடனே தனியாக எடுத்து உலர்ந்த டப்பாவில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஐப்பசி மழை தொடங்குவதற்குமுன் மாற்றுங்கள்.

பழைய பெட்டி ஒன்று கையில் கிடைத்தால் தட்டானிடம் கொண்டுபோகும் முன் ஒவ்வொரு காசையும் இருபுறமும் படம் எடுத்து, எடையைக் குறித்து, யார் வைத்திருந்தது, எந்த ஊர் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவிடுங்கள். விற்பதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.